மார்பு இரண்டு பக்கமும் ஒரே அளவாக எத்தனை பேருக்கு இருக்கிறது?

மட்டக்களப்பு, கல்முனை பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளர்களுக்கும், இரு பிராந்தியங்களிலும் உள்ள சுகாதார வைத்திய அதிகாரிகளுக்கும்,

வணக்கம். களுவாஞ்சிக்குடியில் தையல் கடை வைத்திருக்கிறேன். சாறி பிளவுஸ்தான் முக்கால்வாசி வேலை. பெரியகல்லாறு, பெரியநீலாவணை, மருதமுனைப் பக்கமிருந்தெல்லாம் வருவார்கள். டொக்டரிடம் சொல்லக் கூசுகிற விஷயத்தைப் பெண்கள் தையல்காரியிடம் சொல்லிவிடுவார்கள். எப்படியும் அளவெடுக்கும்போது தெரிந்துவிடத்தானே போகிறது. அதனால் உங்கள் கிளினிக் பதிவேட்டில் ஏறாத சில சங்கதிகள் எனக்குத் தெரியும்.

"அக்கா, இடது பக்கம் கொஞ்சம் பெரிசு. வெளியில தெரியாமத் தையுங்க." பெரும்பாலும் கல்யாணம் பேசியிருக்கிற பிள்ளைகள் சொல்வது இது. கதவு சாத்தியிருந்தாலும் குரலை இறக்கித்தான் சொல்வார்கள். தோள் தையலிலிருந்து மார்பு முனை வரை இரண்டு பக்கமும் நாடா பிடித்தால், இரண்டும் அச்சொட்டாக ஒத்துப்போகிறவர்களைக் காண்பதுதான் அபூர்வம். சிலருக்கு ஒரு பக்க டார்ட்டை, அதாவது வடிவுக்குப் பிடிக்கிற மடிப்பை, மட்டும் கால் இஞ்சி தள்ளிப் பிடிப்பேன். சிலருக்கு ஒரு பக்கம் மெல்லிய பேட் வைப்பேன். போட்டுப் பார்த்தால் யாருக்கும் தெரியாது. "இது எல்லாருக்கும் உள்ளதுதான் புள்ள" என்றால் நம்புவதில்லை. தையல்காரி ஆறுதலுக்குச் சொல்கிறாள் என்று நினைக்கிறார்கள். அதையே வெள்ளை யூனிபோர்ம் போட்ட மிட்வைஃப் மிஸ் சொன்னால் நம்புவார்கள். ஆனால் மிஸ்மார் யாரும் சொல்வதில்லை. பிள்ளைகளும் கேட்பதில்லை.

தாய்மாரின் கதை வேறு. "பால் குடுத்துத்தான் இப்படித் தொங்கிப்போச்சு" என்று மாமியார் முதல் பக்கத்து வீட்டுக்காரி வரை சொல்லிவைத்திருக்கிறார்கள். அதற்குப் பயந்து பாலை வெள்ளென மறக்கடிக்கப் பார்க்கிற இளம் தாய்மாரை நான் கண்டிருக்கிறேன். மார்பு தளர்வதற்கு வயது, எத்தனை தரம் கர்ப்பம் தரித்தோம் என்பது, உடம்பு ஏறி இறங்குவது, புகைப்பழக்கம் இவைதான் காரணமாக ஆய்வுகளில் தெரிந்திருக்கின்றன. பால் கொடுப்பது அல்ல. ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் என்று வீடு வீடாகச் சொல்கிற உங்கள் ஆட்கள் இந்த ஒரு வசனத்தையும் சேர்த்துச் சொன்னால், அவர்களுடைய வேலை பாதி லேசாகும்.

இன்னொரு அம்மா, சேர்ட்டுக்குள் போடக் கெட்டியான உள்பனியன் தைத்துத் தரச் சொல்லி மகனைக் கூட்டி வந்தார். பதின்மூன்று, பதினான்கு வயதிருக்கும். நெஞ்சு கொஞ்சம் எடுப்பாக இருக்கிறதாம், விளையாட்டுப் பாடத்துக்கே போகிறானில்லை. அந்த வயதில் ஹோர்மோன் மாற்றத்தால் பல பையன்களுக்கு அப்படி வரும், அநேகமாக இரண்டு வருஷத்துக்குள் தானாக வடியும் என்று அந்த வீட்டில் யாருக்கும் தெரியாது.

சரி, இனி மார்புக்குச் செய்கிற சத்திரசிகிச்சையைப் பற்றிச் சொல்கிறேன். நிஜமாகவே வைத்தியம் தேவைப்படுகிறவர்களும் இருக்கிறார்கள். என் வாடிக்கையாளர் ஒருவருக்கு பிரா பட்டி அழுத்தி இரண்டு தோளிலும் பள்ளமே விழுந்திருக்கிறது. சித்திரை வெயிலில் மார்புக்குக் கீழே வியர்த்துப் புண்ணாகிவிடும். கழுத்து வலிக்கு எண்ணெய் பூசாத நாளில்லை. ஓரிடத்தில் காட்டினாராம், "மெலிஞ்சாச் சரியாகும்" என்று அனுப்பிவிட்டார்கள். இப்படியான பாரத்தைக் குறைக்கிற சத்திரசிகிச்சை உலகத்தில் எவ்வளவோ காலமாக நடக்கிறது. தழும்பு நிற்கும், பிறகு பால் கொடுப்பதும் சிலருக்குச் சிரமமாகலாம். அதனால்தான் பலர் பிள்ளைப்பேறு முடிந்த பிறகு செய்கிறார்கள். அப்படி ஒன்று இருக்கிறது என்றே அவருக்கு யாரும் சொல்லவில்லை.

அவருக்குச் சொல்லாததை ஃபோன் சொல்கிறது, அதுவும் கோணலாக. கிறீம் பூசினால் நிமிரும், குளிசை போட்டால் பெருக்கும் என்று ராவு பகலாக விளம்பரம். மார்பு என்பது கொழுப்பும் பால் சுரப்பியும்; அதைத் தாங்குவது தோலும் உள்ளே உள்ள நார்களும். உடற்பயிற்சி செய்தால் அடியில் உள்ள தசைதான் உறுதியாகும். தளர்ந்த தோலைக் கிறீம் பூசித் தூக்க முடியாது. திரவ சிலிக்கனை ஊசியால் ஏற்றுவது இதையெல்லாம்விட மோசம், உயிருக்கே ஆபத்து.

கொழும்புக்கோ சென்னைக்கோ போய் சத்திரசிகிச்சையை முறையாகச் செய்ய நினைக்கிற பெண்ணை நான் தடுக்கமாட்டேன். அவள் உடம்பு, அவள் காசு. ஆனால் விளம்பரத்தில் வராத பாதியையும் அவள் கேட்டுவிட்டுப் போகவேண்டும். தளர்ந்த மார்பைத் தூக்கிக் கட்டுகிற சத்திரசிகிச்சையில் மிஞ்சின தோலை வெட்டி எடுக்கிறார்கள். முலைக்காம்பைச் சுற்றியும், தேவைப்பட்டால் அதிலிருந்து நேர்கீழாகவும், மார்பின் அடி மடிப்பு நெடுகவும் தழும்பு இருக்கும். வருஷம் போக மறுபடி தளரவும் செய்யும். மார்பைப் பெருப்பிக்க உள்ளே வைக்கிற சிலிக்கன் பை 1962இல் அமெரிக்காவின் ஹூஸ்டனில் தொடங்கியது. இன்றைக்கும் அது ஆயுளுக்கும் தாங்குகிற சாமான் அல்ல. பையைச் சுற்றி உடம்பு கட்டுகிற தழும்புத் திசு சிலருக்கு இறுகி வலிக்கும், பை கிழியும், மாற்ற இன்னொரு ஒப்பரேஷன் வேண்டிவரும். பிரான்சில் ஒரு கொம்பனி வைத்தியத்துக்கு ஆகாத மலிவுச் சிலிக்கனை நிரப்பி விற்று 2010இல் பிடிபட்டது. சொரசொரப்பான மேற்பரப்புள்ள ஒரு வகைப் பையை, அரிதான ஒரு நிணநீர்ப் புற்றுநோய்க்காக 2019இல் உலகம் முழுக்கத் திருப்பி எடுத்தார்கள். சத்திரசிகிச்சை செய்பவர் இலங்கை மருத்துவ சபையில் பதிந்தவரா, பிளாஸ்டிக் சத்திரசிகிச்சை நிபுணர்தானா என்று கேட்பதற்குக் கூச்சமே தேவையில்லை. பவுண் வாங்கும்போது எத்தனை கேள்வி கேட்கிறோம்!

இதெல்லாம் அழகுப் பிரச்சினை, எங்களுக்கு வேறு வேலை இருக்கிறது என்று நீங்கள் நினைக்கலாம். முந்தின வருஷம் நான் தைத்த பிளவுஸை ஒரு அம்மா கொண்டுவந்தார். வலது பக்கம் மட்டும் கப் சுருங்கி நிற்கிறது, ஒரு பேட் வைத்துத் தாருங்கள் என்றார். மற்றப் பக்கம் அச்சாகப் பிடித்தது. அளவெடுக்கும்போது பார்த்தேன்: தோல் ஓரிடத்தில் குழி விழுந்து, காம்பு உள்ளே இழுபட்டிருந்தது. சிறு வயதிலிருந்தே காம்பு உள்ளே இருப்பது வேறு, புதிதாக இழுபடுவது வேறு. பேட் வைக்கமாட்டேன் என்று சொல்லி, கையோடு கிளினிக்குக் கூட்டிப்போனேன். இப்போது மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைப் புற்றுநோய்ப் பிரிவில் மருந்து ஏற்றுகிறார். ஏன் முன்னமே காட்டவில்லை என்று கேட்டதற்கு, "சட்டையைக் கழட்டினா என்ன நினைப்பாங்களோ எண்டு" என்றார். மார்பையும் கருப்பைக் கழுத்தையும் பரிசோதிக்கிற சுகவனிதையர் கிளினிக் 1996இலிருந்து இலவசமாக நடக்கிற நாட்டில்!

வடிவத்தைப் பற்றிய வெட்கம்தான் அவரைத் தள்ளிவைத்தது. அந்த வெட்கத்துக்கு மருந்து கொடுப்பதும் உங்கள் வேலைதான். கேட்பது பெரிய செலவில்லை. ஒரு தாள், நல்ல தமிழில், படம் போட்டு: எது எல்லாருக்கும் உள்ளது, எது புதிதாக வந்தால் உடனே காட்டவேண்டியது, எதற்குச் சத்திரசிகிச்சை உண்டு, அதில் என்ன இழப்பு. பிளாஸ்டிக் சத்திரசிகிச்சை நிபுணரை அரச வைத்தியசாலையில் எங்கே, எந்த நாளில் பார்க்கலாம், கடிதம் யாரிடம் எடுக்கவேண்டும் என்பதையும் அதில் எழுதுங்கள். பாடசாலைப் பரிசோதனைக்குப் போகிற மிஸ்மார் பெண்பிள்ளைகளைத் தனியாக இருத்தி ஒரு பாடவேளை பேசட்டும். பையன்களுக்கும் யாராவது பேசட்டும். சுகவனிதையர் கிளினிக்கில் திரை ஒழுங்காக மூடுகிறதா என்று ஒருதரம் நேரில் போய்ப் பாருங்கள். துணி இல்லையென்றால் சொல்லுங்கள், காசில்லாமல் தைத்துத் தருகிறேன்.

ஒக்டோபர் மார்பகப் புற்றுநோய் விழிப்புணர்வு மாதம். ரிப்பன் குத்தி ஊர்வலம் போவீர்கள், சந்தோஷம். அதற்கு முதல் அந்தத் தாள் அச்சாகுமா என்று தெரிந்தால் நல்லது. பதிலை எங்கள் பக்கத்து எந்த மிட்வைஃப் மிஸ்ஸிடம் கொடுத்தாலும் என் கைக்கு வந்துசேரும்.

இப்படிக்கு,
களுவாஞ்சிக்குடியில் தையல் கடை வைத்திருக்கும் ஒருத்தி