எங்கள் ஊருக்கு மினி பஸ் வரக் காரணமானவர்களுக்கு

அன்பானவர்களே,

முதுகுளத்தூர் பக்கம், கண்மாய்க் கரையை ஒட்டிய எங்கள் குக்கிராமத்துக்கு இப்போது மினி பஸ் வருகிறது. பஸ் ஏற வேண்டுமென்றால் மெயின் ரோட்டில் இருக்கும் தாய்க் கிராமம் வரை மூன்று கிலோமீட்டர் நடந்தே பழகிய ஊர் இது. இதற்காக அலைந்தவர்களில் பலரிடம் நேரில் நன்றி சொல்ல வாய்க்கவில்லை. அதனால்தான் இந்த மடல்.

முதலில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஐயாவுக்கு. பஸ் கேட்டுப் பல வருடம் மனு கொடுத்தோம். "உங்கள் ஊருக்குத்தான் பஸ் வசதி இருக்கிறதே" என்றே ஓர் அலுவலகத்தில் பதில் வந்தது. காரணத்தைப் புரியவைத்தவர் ஐயாதான். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் கிராமப் பட்டியலை எடுத்துக் காட்டினார். எங்கள் தாய்க் கிராமம் போன்ற வருவாய்க் கிராமத்துக்கு, அதாவது வருவாய்த்துறைக் கணக்கில் ஒரே ஊராக வருவதற்கு, எத்தனை குக்கிராமம் இருந்தாலும் அதில் மக்கள்தொகை ஒரே எண்தான். பஸ் வசதியும் அப்படியே. கிராமத்தில் இருந்தால் 'உண்டு'. இல்லையென்றால் 5 கிலோமீட்டருக்குள்ளா, 5 முதல் 10 வரையா, அதற்கும் மேலா என்று குறிப்பார்கள். தாய்க் கிராமத்தில் பஸ் நின்றதால் எங்களுக்கும் சேர்த்து 'உண்டு' என்று ஆகிவிட்டது.

அந்தக் கணக்கு எடுத்தது 2011 பிப்ரவரி 9 முதல் 28 வரை. அறுவடை முடிந்து எங்கள் ஆட்கள் குடும்பத்தோடு செங்கல் சூளைக்குப் போயிருக்கும் நேரம். அவர்கள் எங்கள் ஊர்க் கணக்கிலேயே வரவில்லை.

சரி, நாமே எண்ணுவோம் என்று இறங்கியவர்கள் பள்ளிக்கூடப் பிள்ளைகள். நோட்டைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போனார்கள். எத்தனை பேர் என்பதோடு விடவில்லை. பள்ளிக்கூடம், ரேஷன், மாத்திரை வாங்க ஆரம்ப சுகாதார நிலையம், வாரச்சந்தை என்று யார் எங்கே போகிறார்கள், ஆட்டோவுக்கு எவ்வளவு ஆகிறது என்று எல்லாம் எழுதினார்கள். சூளையில் இருந்தவர்களைப் போனில் கேட்டார்கள். ஒரு அப்பத்தா, "என்னையும் சேத்துட்டியா தாயி?" என்று மூன்று தடவை கேட்டாராம். பிள்ளைகளே, அந்த நோட்டு இல்லையென்றால் இந்த பஸ் இல்லை.

அதைக் கிராம சபைத் தீர்மானத்தோடு சேர்த்து அனுப்பிய ஊராட்சிச் செயலருக்கும், எங்கள் குடியிருப்பைத் தனியாகக் காட்டிச் சான்று தந்த விஏஓவுக்கும் நன்றி. 2025 ஜூன் 16 அன்று தஞ்சாவூரில் தொடங்கிய புதிய மினி பஸ் திட்டத்தில், வழித்தடம் 25 கிலோமீட்டருக்கு மிகக்கூடாது, அதில் 65 சதவீதமாவது பஸ் போகாத பாதையாக இருக்க வேண்டும். எங்கள் மூன்று கிலோமீட்டரும் அதில் சேரும் என்று பொறுமையாக விளக்கிய வட்டாரப் போக்குவரத்து (ஆர்டிஓ) அலுவலக ஊழியரை மறக்க மாட்டோம்.

தார்ச்சாலை இல்லாமல் பஸ் ஏது? பிரதமரின் கிராமச் சாலைத் திட்டத்தில் சமவெளி என்றால் 500 பேராவது இருக்க வேண்டும். 500 மீட்டருக்குள் இருக்கும் குடியிருப்புகளை ஒன்றாகக் கணக்கிடலாம் என்று, ஓடைக்கு அந்தப் பக்கத்து வீடுகளையும் எங்களோடு சேர்த்துக் காட்டிய பொறியாளருக்குக் காலம் கடந்து நன்றி சொல்கிறோம்.

அப்புறம், ஆட்டோ அண்ணன். பஸ் வந்தால் தன் சவாரி குறையும் என்று தெரிந்தே மனுவில் முதல் கையெழுத்துப் போட்டவர். நடுராத்திரியில் பிரசவ வலி என்று கதவைத் தட்டினால் ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. பஸ் இல்லாத நேரத்தில் அவரைத்தான் கூப்பிட வேண்டும் என்று ஊராரைக் கேட்டுக்கொள்கிறேன்.

மினி பஸ்ஸில் பெண்களுக்கு இலவசப் பயணம் கிடையாது. ஆனாலும் ஆட்டோவுக்குக் கொடுத்ததைவிடக் குறைவுதான். கண்மாய்த் திருப்பத்தில் பிள்ளைகள் ஓடி வருவதைப் பார்த்தால் நிறுத்திக் காத்திருக்கும் டிரைவருக்கும் கண்டக்டருக்கும் எங்கள் அன்பு.

சூளையில் இருக்கும் சொந்தங்களுக்கு ஒரு வார்த்தை. 2027 பிப்ரவரியில் மறுபடியும் எண்ண வருகிறார்கள். தேதி தெரிந்ததும் போனில் சொல்கிறோம். அந்த நாட்களில் ஒரு நடை ஊருக்கு வந்து, பேரைச் சொல்லிவிட்டுப் போங்கள்.

நன்றியுடன்,
ஊரார் சார்பாக உங்களில் ஒருத்தி