செயலாளர் ஆண்டறிக்கை: வின்ஸ்லோவில் மூன்று இரவுகள்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, குடும்பத்தோடு வந்திருக்கும் அன்பர்களே, அனைவருக்கும் வணக்கம்.

பொங்கல் விழா, சித்திரை விழா, நூல் பரிமாற்றம் மூன்றும் வழக்கம்போல் நடந்தன. கணக்கைப் பொருளாளர் படிப்பார். எனக்குக் கிடைத்த நேரத்தை, அக்டோபரில் வடக்கு அரிசோனாவின் வின்ஸ்லோ ஊருக்குப் போன பயணத்துக்கே எடுத்துக்கொள்கிறேன். அடுத்த ஆண்டும் இதே முறையில் போக வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவர இருப்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

இதுவரை ஃபீனிக்ஸிலிருந்து விடியற்காலை கிளம்பி, மூன்று மணி நேரத்துக்கு மேல் கார் ஓட்டி, ஏதோ ஓர் இடத்தைப் பார்த்துவிட்டு இரவோடு இரவாகத் திரும்புவோம். பிள்ளைகள் தூங்கிவிடுவார்கள், ஓட்டுகிறவர்கள் தூக்கத்தோடு மல்லுக்கட்டுவார்கள். இம்முறை வின்ஸ்லோவின் லா பொசாடா விடுதியில் தங்கிக்கொண்டு, நாளுக்கொரு திசையாகப் பாலைநிலத்தைச் சுற்றினோம்.

அந்த விடுதியைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். சாண்டா ஃபே ரயில்பாதையில் உணவகங்களும் விடுதிகளும் நடத்திய ஃபிரெட் ஹார்வி நிறுவனத்துக்காக மேரி கோல்டர் என்ற கட்டடக் கலைஞர் வடிவமைத்தது, 1930இல் திறந்தார்கள். பெண்கள் இத்தொழிலில் அரிதாக இருந்த காலம் அது. மக்கள் காருக்கும் விமானத்துக்கும் மாறிய பிறகு 1957இல் மூடப்பட்டது. தளவாடங்கள் ஏலத்தில் போயின, கட்டடம் ரயில்வே அலுவலகமாயிற்று. பிறகு அதுவும் வேண்டாம் என்று ஆகி, இடிபடும் நிலைக்கு வந்ததை 1997இல் ஆலன் அஃபெல்ட் வாங்கி மீட்டார். அவர் மனைவி டீனா மியானின் ஓவியங்கள் சுவர்களில் மாட்டியிருக்கின்றன.

தெற்குப் பக்கத் தோட்டத்தைத் தாண்டினால் தண்டவாளம். சிகாகோவுக்கும் லாஸ் ஏஞ்சல்ஸுக்கும் இடையே ஓடும் பயணிகள் ரயில் இன்றும் அங்கே நிற்கிறது. நம் உறுப்பினர் ஒருவரின் தந்தையார், திருச்சி பொன்மலை ரயில்வே பணிமனையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், மாலை முழுக்கத் தோட்டத்து நாற்காலியை விட்டு எழவில்லை. கண்டெய்னர்களை இரண்டடுக்காக ஏற்றிய சரக்கு ரயில் ஒன்று போனது. கண்ணை மூடிக்கொண்டு கேட்டவர், "வீல்ல ஃபிளாட் இருக்கு தம்பி, டக் டக்குன்னு கேக்குது பாருங்க" என்றார். சக்கரத்தின் ஓரிடம் தேய்ந்து தட்டையாகியிருப்பதைச் சொன்னார். அந்தச் சத்தம் பிறகுதான் எனக்குக் கேட்டது. பிள்ளைகள் அவரைச் சுற்றி உட்கார்ந்துவிட்டார்கள். ஒரு நாளில் போய்த் திரும்பும் பயணத்தில் இப்படியொரு மாலை நமக்கு வாய்த்ததே இல்லை.

முதல் நாள் மேற்கே விண்கல் பள்ளம். சுமார் 50,000 ஆண்டுகளுக்கு முன் இரும்பு விண்கல் விழுந்து ஏற்பட்டது. அகலம் ஒரு கிலோமீட்டருக்கும் மேல். அடியில் விண்வெளி வீரர் உருவம் ஒன்றை நிறுத்தியிருக்கிறார்கள், அதைத் தொலைநோக்கியில் தேடிப் பிடித்த பிறகுதான் ஆழம் உறைக்கிறது. விளிம்பில் காற்று ஆளைத் தள்ளுகிறது; தொப்பிக்குக் கயிறு அவசியம்.

இரண்டாம் நாள் கிழக்கே கல்மரத் தேசியப் பூங்கா. விழுப்புரம் மாவட்டத்துத் திருவக்கரைக் கல்மரங்களைப் பார்த்தவர்கள் நம்மில் உண்டு. இங்கே கிடப்பவை 20 கோடி ஆண்டுகளுக்கும் முந்தியவை. ஆற்றுச் சேற்றில் புதைந்த மரத்துக்குள் எரிமலைச் சாம்பலின் சிலிக்கா ஊறி, மரம் கல்லாகியிருக்கிறது. சிவப்பும் மஞ்சளும் இரும்பின் வேலை. நம் சிறுமி ஒருத்தி நகத்தளவு சில்லு ஒன்றைப் பையில் போட்டிருந்தாள். எடுத்துச் செல்வது குற்றம் என்று சொன்னதும், எடுத்த இடத்தை அவளே தேடி வைத்துவிட்டு வந்தாள். பூங்காவுக்குள் இருக்கும் பழைய விடுதியை 1940களின் இறுதியில் புதுப்பித்தவரும் அதே மேரி கோல்டர்தான். சுவரோவியங்கள் ஹோப்பி பழங்குடி ஓவியர் ஃபிரெட் கபோட்டியுடையவை.

மூன்றாம் நாள் வடக்கே ஹோப்பி ஊர்களுக்குப் போனபோது ஒரு தவறு நடந்தது, பொறுப்பு என்னுடையது. கோடையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி வைக்கும் கோடை நேர மாற்றம் அரிசோனாவில் கிடையாது. வழியிலுள்ள நவாஹோ பழங்குடியினரின் நிலத்தில் உண்டு. அதற்கு நடுவே இருக்கும் ஹோப்பி நிலத்தில் மீண்டும் கிடையாது. கைப்பேசி தானாகப் பழைய நேரத்துக்கு வந்துவிட்டதைக் கவனிக்காமல் நானும் ஒரு மணி நேரத்தைக் கழித்துக்கொண்டேன். வழிகாட்டி ஒரு மணி நேரம் வெயிலில் காத்திருந்தார். அவரிடம் மன்னிப்புக் கேட்டேன், உங்களிடமும் கேட்கிறேன். அங்கே படம் எடுக்கவோ ஒலிப்பதிவு செய்யவோ கூடாது என்பதால் கைப்பேசிகளைக் காரிலேயே வைத்துவிட்டுப் போனோம். ஒருவர்கூட முகம் சுளிக்கவில்லை என்பதைப் பெருமையோடு பதிவு செய்கிறேன்.

அடுத்த பயணத்துக்கு என் வேண்டுகோள்கள்: மழைக்காலமான ஜூலை முதல் செப்டம்பர் வரை தவிர்க்க வேண்டும், பெரியவர்களுக்குத் தரைத்தள அறைகளை முன்கூட்டியே கேட்டு வாங்க வேண்டும், காருக்கு ஒருவராவது ஃபீனிக்ஸ் நேரம் வைத்த கைக்கடிகாரம் கட்டிவர வேண்டும். இரவில் ரயில் சத்தம் ஆகாதவர்கள் காதுக்குப் பஞ்சு எடுத்து வரவும்.

உணவுப் பெட்டிகளைக் கட்டித் தந்த சகோதரிகளுக்கும், கார் ஓட்டிய தம்பிகளுக்கும் நன்றி. அறிக்கையைப் பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு வைக்கிறேன்.

செயலாளர்