மரவள்ளித் தழையில் விஷம் எப்படி வருகிறது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கிழங்கு வெட்டுத் தொடங்கிவிட்டால், மரவள்ளித் தழை தின்று ஆடுகள் செத்தன என்ற செய்தி ஆத்தூர், தலைவாசல், வாழப்பாடிப் பக்கமிருந்து நாளிதழ்களுக்கு வருவது வாடிக்கைதான். பெரும்பாலும் 'விஷத் தழை' என்ற சொல்லோடு செய்தி முடிந்துவிடும். படிப்பவர், விஷம் தழையில் தயாராகக் கிடக்கிறது என்று எடுத்துக்கொள்வார். உண்மையில் ஒரு நொதி (என்சைம்) வேலை செய்த பிறகே அங்கே விஷம் உண்டாகிறது. இதைச் சேர்த்து எழுதினால் ஆடு வளர்ப்பவருக்கும் பயன்படும், வீட்டில் கிழங்கு வேகவைப்பவருக்கும் பயன்படும்.

மரவள்ளிச் செல்லின் உள்ளே ஒரு பைக்குள் லினமாரின் என்ற பொருள் இருக்கிறது. அதில் சயனைடு சர்க்கரையோடு கட்டுண்டு கிடக்கிறது. அதை வெட்டும் நொதியான லினமாரேஸ் இருப்பதோ செல்லின் சுவரில். செல் முழுசாக இருக்கும்வரை இரண்டும் சந்திப்பதில்லை. அரிவாள் பட்டாலோ ஆடு மென்றாலோ பை கிழிகிறது, நொதி சர்க்கரையைக் கழற்றிவிடுகிறது. மிஞ்சும் அசிட்டோன் சயனோஹைட்ரின் உடைந்து ஹைட்ரஜன் சயனைடு வெளிவரும். இலையில் இந்த உடைப்புக்கும் தனியாக ஒரு நொதி உண்டு. கிழங்கில் அது அநேகமாக இல்லை. ஹைட்ரஜன் சயனைடின் கொதிநிலை வெறும் 26 டிகிரி செல்சியஸ். நம் சேலத்து வெயிலுக்கு அது காற்றோடு போய்விடும்.

ஆகவே சமையலில் நொதியை முதலில் வேலை செய்யவிட வேண்டும். சூடு ஏற ஏற அது வேகமெடுக்கும், சுமார் 55 டிகிரி வரை. அதற்கு மேல் போனால், நொதி ஒரு புரதம் என்பதால் உருக்குலைந்து செயலிழக்கிறது. லினமாரினோ கொதிநீரிலும் அசைவதில்லை. தளதளவென்று கொதிக்கும் தண்ணீரில் கிழங்கைப் பெரிய துண்டாகப் போட்டால், வெட்டும் கத்தி உடைந்துபோகிறது, வெட்டவேண்டியது அப்படியே நிற்கிறது. பிறகு நம் குடலில் இருக்கும் பாக்டீரியாக்கள் அதை வெட்டத் தொடங்கும். முழுக் கிழங்கைக் குக்கரில் வைத்து விசில் விடுவதிலும் இதே கோளாறுதான்.

மேல்தோலோடு உள்பட்டையையும் உரிக்க வேண்டும், சதையைவிடப் பட்டையில்தான் லினமாரின் அதிகம். சதையைச் சிறு துண்டாக நறுக்கி, கிழங்கைப் போல ஐந்து மடங்கு பச்சைத் தண்ணீரில் போட்டு, சிறு தீயில் மூடாமல் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். புளிக்கரைசலில் பச்சைக் கிழங்கை நேராகப் போடாதீர்கள். புளிப்பில் நொதியும் மந்தமாகும், சயனோஹைட்ரினும் உடையாமல் நிற்கும்.

வற்றலில் பலரும் எதிர்பாராத ஒன்று உண்டு. மெல்லியதாகச் சீவினால் நல்லது என்று நினைப்போம். ஆனால் மெல்லிய சீவல் சீக்கிரம் காய்ந்துவிடும், தண்ணீர் இல்லாமல் நொதியால் இயங்க முடியாது. கொஞ்சம் தடித்த துண்டில் ஈரம் நிற்பதால் லினமாரின் கூடுதலாகக் கழியும். அதைவிட நல்லது துருவியோ இடித்தோ காயவைப்பது. சிப்ஸ் கதை இன்னும் மோசம். சீவல் எண்ணெயில் விழுந்த கணமே நொதி செத்துவிடும். எனவே சிப்ஸுக்குக் கசப்பில்லாத, கிலோவுக்கு 50 மில்லிகிராம் சயனைடுக்குக் குறைவான கிழங்குதான் ஏற்றது. மழை பொய்த்த ஆண்டில் அதே ரகத்திலும் அளவு கூடும். மாவாக வைத்திருந்தால் தண்ணீர் தெளித்துப் பிசறி, ஒரு சென்டிமீட்டர் கனத்துக்கு மேல் போகாமல் பரப்பி, வெயிலில் 2 மணி நேரமோ நிழலில் 5 மணி நேரமோ வைத்தால் போதும், மிச்சம் நொதியின் பாடு.

சேகோ ஆலையில் கிழங்கை அரைத்துக் கழுவும்போதே சயனைடின் பெரும்பகுதி தண்ணீரோடு போய்விடுவதால் ஜவ்வரிசியைப் பற்றிப் பயம் வேண்டாம். ஆலைக் கழிவுநீரை மாடு குடிக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இனி ஆடு. நம் இரைப்பையின் அமிலம் லினமாரேஸை முடக்கிவிடும். ஆட்டின் முதல் வயிற்றில் அமிலம் குறைவு, அங்குள்ள நுண்ணுயிர்களிடமும் இதே வேலையைச் செய்யும் நொதிகள் உண்டு. உடல் எடையில் கிலோவுக்குச் சுமார் 2 மில்லிகிராம் சயனைடே ஆட்டை முடிக்கும். 20 கிலோ ஆட்டுக்கு 40 மில்லிகிராம். தழையில் கிலோவுக்கு 200 மில்லிகிராம் இருந்தால் 200 கிராம் தழை போதும். கொழுந்தில் இன்னும் அதிகம்.

சயனைடு செய்வதும் ஒரு நொதியை முடக்குவதுதான். ஆக்சிஜனைப் பயன்படுத்தும் சைட்டோகுரோம் ஆக்சிடேஸின் இரும்பைப் போய்ப் பிடித்துக்கொள்கிறது. இரத்தத்தில் ஆக்சிஜன் இருந்தும் செல்லால் எடுக்க முடியாது. இரத்தம் பளிச்சென்ற சிவப்பாகத் தெரிவது அதனால்தான். மூச்சு இரைத்தல், நடுக்கம், விழுதல் எல்லாம் சில நிமிடங்களிலேயே தொடங்கிவிடலாம். கல்லீரலில் ரோடனேஸ் என்ற நொதி கந்தகத்தைச் சேர்த்துச் சயனைடைத் தையோசயனேட்டாக மாற்றிச் சிறுநீரில் தள்ளும், ஆனால் அதற்கான கந்தகக் கையிருப்பு சீக்கிரம் தீர்ந்துவிடும். கால்நடை மருத்துவர் நரம்பில் ஏற்றும் சோடியம் தையோசல்பேட் அந்தக் கந்தகத்தைத்தான் கொடுக்கிறது. கிழங்கு வெட்டு நடக்கும் மாதங்களில் ஒவ்வொரு கால்நடை மருந்தகத்திலும் இந்த மருந்து இருப்பில் இருக்கிறதா என்று உங்கள் நிருபர்கள் விசாரித்து எழுதினால், ஆடு செத்த பிறகு எழுதுவதைவிடப் பயன்.

இப்படிக்கு,
உயிர்வேதியியல் ஆசிரியர்,
ஆத்தூர், சேலம் மாவட்டம்.