சாய்தளக் கணக்கில் உராய்வு விசை: ஒரு திருத்தம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் மாணவர் இணைப்பில் பதினோராம் வகுப்பு இயற்பியலுக்காக வெளியான மாதிரி வினா விடையில், சாய்தளத்தில் ஓய்வில் இருக்கும் பொருளின் மீது செயல்படும் விசைகளைப் பற்றிய கணக்கு தவறாகத் தீர்க்கப்பட்டுள்ளது. அதற்கான படமும் பிழையாக அச்சாகியுள்ளது. பொதுத்தேர்வுக்கும் நீட், ஜேஇஇ போன்ற தேர்வுகளுக்கும் தயாராகும் பிள்ளைகள் அந்தப் பக்கத்தைக் கத்தரித்து வைத்துக்கொண்டு படிக்கிறார்கள் என்பதால் இதைத் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவருகிறேன்.

30 டிகிரி சாய்வுள்ள தளத்தில் 10 கிலோகிராம் நிறையுள்ள மரக்கட்டை நழுவாமல் நிற்கிறது. ஓய்வுநிலை உராய்வுக் குணகம் 0.7, கட்டையின் மீதான உராய்வு விசை எவ்வளவு என்பது கேள்வி. புவியீர்ப்பு முடுக்கத்தை 9.8 எனக் கொண்டால் கட்டையின் எடை 98 நியூட்டன். அதைக் கூறுகளாகப் பகுத்தால், தளத்தின் வழியே கீழ்நோக்கி 49 நியூட்டனும், தளத்துக்குச் செங்குத்தாக அதை அழுத்தும் திசையில் 84.9 நியூட்டனும் கிடைக்கின்றன. இதுவரை விடை சரியே. அடுத்த வரியில் 84.9 ஐ 0.7 ஆல் பெருக்கி, உராய்வு விசை 59.4 நியூட்டன் என்று முடித்திருக்கிறார்கள். அது உண்மையானால், கட்டையைக் கீழே இழுப்பது 49, மேல்நோக்கிச் செயல்படுவது 59.4, எஞ்சிய 10.4 நியூட்டனால் கட்டை யாரும் தொடாமலே மேட்டில் ஏறத் தொடங்க வேண்டும்.

அந்தப் பெருக்கல் தருவது ஓய்வுநிலை உராய்வு எட்டக்கூடிய உச்ச அளவை மட்டுமே. அந்த உச்சத்துக்கு உட்பட்டு, பொருளை அசையாமல் நிறுத்தத் தேவையான அளவுக்குத்தான் உராய்வு செயல்படும். இங்கே தேவைப்படுவது 49 நியூட்டன், ஆகவே விடையும் 49 நியூட்டன்தான். குணகம் கொடுக்கப்பட்டிருப்பது, கட்டை நிற்குமா நழுவுமா என்று சரிபார்ப்பதற்காக. தளத்தை ஏறத்தாழ 35 டிகிரி வரை உயர்த்தும்போதுதான் தேவையும் உச்சமும் சமமாகும். குணகத்தை நேரே பெருக்கி விடை காணும் உரிமை அந்த ஒரு நிலையில் மட்டுமே உண்டு.

பொருள் தானாக மேலே ஏறாது என்ற இதே எண்ணத்தை நம்பித்தான் ஃபிளெமியக் கணித அறிஞர் சைமன் ஸ்டெவின், 1586 இல் நெதர்லாந்தின் லெய்டனில் அச்சான தம் நூலில், சாய்தளத்தின் விதியையே நிறுவினார். ஒரு பக்கம் மறுபக்கத்தைப் போல இருமடங்கு நீளமுள்ள முக்கோணத்தின் மேல் 14 சம உருண்டைகள் கோத்த மாலையைத் தொங்கவிட்டால், அது ஓயாமல் தானே சுழல முடியாது. கீழே தொங்கும் 8 உருண்டைகள் இரு பக்கமும் சமமாகவே இழுக்கின்றன. எனவே நீண்ட சரிவிலுள்ள 4 உருண்டைகளைக் குறுகிய சரிவிலுள்ள 2 உருண்டைகள் சமன் செய்தாக வேண்டும் என்று அவர் வாதிட்டார். இயக்க விதிகளைக் கூறும் நியூட்டனின் பிரின்சிபியா நூல் வெளிவருவதற்கு நூறாண்டுக்கு முந்தைய செய்தி இது. விடையை எழுதி முடித்ததும் ‘இது நடக்கக்கூடியதா’ என்று கேட்டுப் பார்க்கும் அந்தப் பழக்கத்தை நம் மாணவர்களுக்கும் ஊட்ட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

படத்திலுள்ள பிழையும் சிறிதன்று. எடை, அதன் இரு கூறுகள், செங்குத்து விசை (தளம் தனக்குச் செங்குத்தாகக் கட்டையைத் தாங்கும் விசை), உராய்வு என ஐந்து அம்புகள் ஒரே தடிப்பில் வரையப்பட்டுள்ளன. கட்டையின் மீது செயல்படும் விசைகள் மூன்றே. கூறுகள் இரண்டும் எடைக்குப் பதிலாக வருபவை, எடையோடு கூடுதலாக வருபவை அல்ல. ஐந்தையும் கூட்டும் மாணவர் எடையை இருமுறை கணக்கில் சேர்த்துவிடுகிறார். விடைத்தாள் திருத்தும்போது இந்தத் தவறைத் திரும்பத் திரும்பக் காண்கிறேன்.

தளத்தை ஒட்டியே அச்சுகளை எடுப்பது வசதிக்காகத்தான். செங்குத்து விசையும் உராய்வும் ஏற்கெனவே அந்த அச்சுகளில் அமைந்துவிடுவதால், பகுக்க வேண்டியது எடை ஒன்றை மட்டுமே. விரும்பினால் கிடைமட்டம், நிலைக்குத்து என்றும் பகுக்கலாம்: செங்குத்து விசையின் நிலைக்குத்துக் கூறு 73.5, உராய்வினுடையது 24.5, இரண்டும் சேர்ந்து எடையின் 98 நியூட்டனைச் சரியாகத் தாங்குகின்றன. கிடைமட்டத்தில் எதிரெதிரான 42.4 நியூட்டன்கள் ஒன்றையொன்று நீக்கிக்கொள்கின்றன. 59.4 என்ற விடையை இந்த வழியில் இட்டுப் பார்த்தால் எந்தத் திசையிலும் கணக்கு நேராகாது. சரிவு வழியான கூறுக்குச் சைனா, கொசைனா என்று தடுமாறும் பிள்ளைகள், கோணம் சுழியானால் எந்தக் கூறு மறைய வேண்டும் என்று ஒரு கணம் எண்ணினால் போதும். தட்டையான தரையில் சரிவு வழியே இழுப்பு இல்லை, ஆகவே அது சைன்.

திருத்தம் வெளியிடும்போது விடையை மட்டும் மாற்றாமல், எடையின் கூறுகளைப் புள்ளிக்கோடுகளாகக் காட்டும் புதிய படத்தையும் சேர்த்து, அதே மாணவர் இணைப்பில், முந்தைய கணக்கு வந்த அதே அளவில் அச்சிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
முதுகலை ஆசிரியர் (இயற்பியல்),
தென்காசி மாவட்டம்.