சூ கென்பாவும் சோங்மிங் பையன்களும்

அன்புள்ள செல்வம்,

கடிதம் கிடைத்தது. மகளுக்கு வேலை கிடைத்ததில் இங்கே எல்லாருக்கும் ரொம்பச் சந்தோஷம்.

சீனக் கால்பந்தில் உருப்படியான கோச் யார் என்று கேட்டிருந்தாய். நான் சூ கென்பாவைத்தான் சொல்வேன். 1944-இல் ஷாங்காயில் பிறந்தவர், தேசிய அணியின் ரைட் பேக், அதாவது வலதுபக்க டிஃபெண்டர். கோச்சாகப் பலத்த அடியும் வாங்கினார். 1992 ஜனவரியில் கோலாலம்பூரில் அவருடைய சீன அணிக்கு ஒலிம்பிக் தகுதிச்சுற்று. தென்கொரியாவோடு டிரா செய்தாலே பார்சிலோனா போயிருக்கலாம். முதல் 9 நிமிடத்துக்குள் மூன்று கோல் வாங்கி 1-3 என்று தோற்றார்கள்.

அதற்குப் பிறகுதான் ஷாங்காய் ஷென்ஹுவா கிளப். அங்கே அவர் பிடிவாதமாக ஆடவைத்தது பிரஸ்ஸிங். பந்து வைத்திருப்பவன் மேல் ஒருவன் பாய வேண்டும், இரண்டாமவன் பக்கத்துப் பாஸை அடைக்க வேண்டும், மூன்றாமவன் பின்னாலிருந்து சுற்றிவளைக்க வேண்டும். இதில் ஒருவன் அரை நொடி தாமதித்தாலும் பந்து டிஃபென்ஸுக்குப் பின்னால் போய்விடும். அதனால்தான் ஓடத் தெம்பு இல்லாதவனை வைத்து இதை ஆடவே முடியாது. 1995-இல் லீக் பட்டம். டிஃபெண்டரான ஃபான் ஜியியை முன்னால் ஏற்றி ஆடவிட்டார்; 15 கோலோடு லீகிலேயே அவர்தான் முதலிடம். 1998-இல் டாலியன் வாண்டாவோடு இன்னொரு பட்டம்.

ஆனால் அவர் செய்த பெரிய வேலை 2000-இல் ஆரம்பித்தது. ஷாங்காயை ஒட்டிய சோங்மிங் தீவில் சுமார் 3 கோடி யுவான் போட்டுப் பயிற்சி மையம் கட்டினார். சின்னப் பையன்களை அங்கேயே தங்கவைத்து வளர்த்தார். வயசுப் போட்டிகளோடு நிறுத்தாமல், அவர்களுக்காகவே ஷாங்காய் ஈஸ்ட் ஏசியா என்று ஒரு கிளப் ஆரம்பித்து, 2006-இல் மூன்றாம் டிவிஷனில் பெரியவர்களோடு மோதவிட்டார். அவர்களில் ஒருவனான வூ லெய் களமிறங்கியபோது அவனுக்கு 15 வயசுகூட ஆகவில்லை. உடம்பால் ஈடுகொடுக்க முடியாத பையன் சீக்கிரம் பாஸ் கொடுக்கவும், இடம் பார்த்து ஓடவும் கற்றுக்கொண்டே ஆக வேண்டும். எனக்கு இந்த முடிவுதான் எல்லாவற்றையும்விடத் துணிச்சலானது.

சிக்கல் பணம்தான். கீழ் டிவிஷனில் வருமானம் கிடையாது. நன்றாக வளர்ந்தவனை விற்றுத்தான் மற்றவர்களைக் காப்பாற்ற முடியும். அங்கே வளர்ந்த ஜாங் லின்பெங் குவாங்சோ கிளப்புக்குப் போனது அப்படித்தான். கிளப் இரண்டாம் டிவிஷனில் ஐந்து சீசன் ஆடி, 2013-இல்தான் முதல் டிவிஷனான சூப்பர் லீகுக்கு ஏறியது. அடுத்த வருஷக் கடைசியில் கிளப் ஷாங்காய் துறைமுக நிறுவனத்தின் கைக்குப் போனது. பிரேசில் வீரர்கள் ஆஸ்கர், ஹல்க் எல்லாம் வந்தார்கள்.

2018-இல் இதே கிளப் லீக் பட்டம் வென்று குவாங்சோவின் ஏழு வருஷத் தொடர் ஆதிக்கத்தை முறித்தது. அந்த அணியில் ஆஸ்கரைப் பற்றியே எல்லாரும் பேசினார்கள். ஆனால் 27 கோல் அடித்தது வூ லெய். கோல்கீப்பர் யான் ஜுன்லிங், நடுவில் சாய் ஹுய்காங், இருவரும் சோங்மிங் பையன்கள்தான்.

பழைய ஆட்டங்கள் கிடைத்தால் வூ லெய்யைப் பார். பந்து வருவதற்கு முன்பே கடைசி டிஃபெண்டரின் முதுகுப்பக்கம் நழுவிப் போவான். அதைப் பார்த்துவிட்டு எழுது. வீட்டில் எல்லாரையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
ராஜன்