டேக்கைத் திருத்தியும் பிளேயரில் பழைய பெயரே வருகிறதா? வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். உங்கள் இசைத் தொகுப்புகளைப் பராமரிக்கும் எங்களுக்கு அடிக்கடி வரும் கேள்வி இது: "பாட்டின் டேக்கை, அதாவது கோப்புக்குள் எழுதியிருக்கும் பெயர், பாடியவர் போன்ற விவரங்களை, திருத்திவிட்டேன். கோப்பில் சரியாக இருக்கிறது. பிளேயரில் மட்டும் பழைய பெயர்தான் தெரிகிறது. கேட்டலாக்கை அழித்துவிட்டு முதலிலிருந்து ஸ்கேன் செய்துவிடட்டுமா?"

தயவுசெய்து உடனே அதைச் செய்யாதீர்கள். ஏன் என்று சொல்லத்தான் இந்த மடல்.

நீங்கள் ஒரு பாட்டைத் தேடும்போது பிளேயர் கோப்புகளைத் திறந்து பார்ப்பதில்லை. ஆயிரக்கணக்கான கோப்புகளை ஒவ்வொரு முறையும் படித்துக்கொண்டிருந்தால் எதுவும் நகராது. அதனால் முதல் ஸ்கேனில் படித்த பெயர், பாடியவர், ஆல்பம், நீளம் எல்லாவற்றையும் தனியாக ஒரு டேட்டாபேஸில் எழுதி வைத்துக்கொள்கிறது. அதுதான் கேட்டலாக். திரையில் நீங்கள் பார்ப்பது கேட்டலாக்கை, காதில் விழுவது கோப்பிலிருந்து.

அடுத்த ஸ்கேனில், எந்தக் கோப்பு மாறியிருக்கிறது என்பதைப் பெரும்பாலான பிளேயர்கள் அது கடைசியாக மாற்றப்பட்ட நேரத்தை வைத்தே முடிவு செய்கின்றன. சில பிளேயர்கள் கோப்பின் அளவையும் பார்க்கும். இரண்டும் முன்பு இருந்தபடியே இருந்தால் உள்ளே எட்டிக்கூடப் பார்க்காமல் தாண்டிப் போய்விடும்.

சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. எம்பி3டேக், பிக்கார்ட் போன்ற டேக் திருத்தும் மென்பொருள்களில், திருத்திய பிறகும் கோப்பின் பழைய நேரத்தை அப்படியே வைத்திருக்க ஒரு வசதி உண்டு. பாட்டுகளைத் தேதி வரிசையில் பார்க்கிறவர்கள் அந்த வரிசை குலையாமல் இருக்க அதை இயக்கி வைக்கிறார்கள். சரி, நேரம் மாறாவிட்டாலும் அளவு மாறுமே என்று தோன்றும். எம்பி3 கோப்புகளில் அதற்கும் உத்தரவாதம் இல்லை. எம்பி3 கோப்புகளில் வழக்கமாக இருக்கும் டேக் வகைக்கு ஐடி3 என்று பெயர். அதன் இரண்டாம் பதிப்பு கோப்பின் தொடக்கத்தில் இருக்கிறது. டேக் சற்று நீளும்போதெல்லாம் கோப்பு முழுவதையும் திரும்ப எழுத வேண்டாமே என்று, அதன் பின்னால் கொஞ்சம் வெற்றிடம் விட்டு வைப்பார்கள். நீங்கள் சேர்க்கும் எழுத்துகள் அந்த வெற்றிடத்துக்குள் அடங்கிவிட்டால் கோப்பின் அளவு ஒரு பைட்கூட மாறாது. நேரமும் அதேதான், அளவும் அதேதான். இப்படிப்பட்ட கோப்பில் மாற்றம் நடந்தது என்று ஸ்கேனருக்குத் தெரிய வழியே இல்லை.

இதைவிட எங்களுக்குக் கவலை தருவது பேக்கப்தான். ஆர்சிங்க் போன்ற நகலெடுக்கும் கருவிகளும் இயல்பாக நேரத்தையும் அளவையும் ஒப்பிட்டுத்தான் எதை நகலெடுப்பது என்று தீர்மானிக்கின்றன. பல நாள் உட்கார்ந்து திருத்திய டேக்குகள் பேக்கப்புக்குப் போகாமலே இருந்துவிடலாம். டிஸ்க் பழுதாகும் நாளில்தான் அது தெரியவரும். ஆகவே நேரத்தைக் காக்கும் அந்த வசதியை அணைத்து வையுங்கள். பாட்டு எப்போது சேர்ந்தது என்ற தேதியைப் பல பிளேயர்கள் கேட்டலாக்கிலேயே தனியாகக் குறித்து வைக்கின்றன, வரிசைக்கு அதைப் பயன்படுத்தலாம். முன்பே அப்படித் திருத்திய கோப்புகள் இருந்தால், கேட்டலாக்கை அழிக்காமல் எல்லாக் கோப்புகளையும் மறுபடி படிக்கச் சொல்லும் வசதி உங்கள் பிளேயரில் இருக்கிறதா என்று பாருங்கள். எடுத்துக்காட்டாக, எம்பிடி என்ற இசை பிளேயர் சர்வரில் 'அப்டேட்' மாறியவற்றை மட்டும் படிக்கும், 'ரீஸ்கேன்' மாறாதவற்றையும் சேர்த்துப் படிக்கும்.

அப்புறம், பெயர் மாற்றம். ஒரு ஃபோல்டரின் பெயரை நீங்கள் திருத்தினால், பல பிளேயர்களின் கண்ணுக்கு அது பெயர் மாற்றமாகத் தெரியாது. பழைய பாட்டுகள் காணாமல் போய்விட்டன, புதிதாகச் சில பாட்டுகள் வந்திருக்கின்றன என்றுதான் பதியும். எத்தனை முறை கேட்டீர்கள், எப்போது சேர்த்தீர்கள், எத்தனை நட்சத்திரம் கொடுத்தீர்கள் என்பதெல்லாம் பழைய பதிவோடு போய்விடும். எம்3யூ வகை பிளேலிஸ்ட்களிலும் கோப்பின் பாதைதான், அதாவது அது எந்த ஃபோல்டரில் எந்தப் பெயரில் இருக்கிறது என்பதுதான், எழுதப்பட்டிருக்கும், எனவே அவையும் அறுந்துபோகும்.

கேட்டலாக்கை அழிக்கும்போது இந்த இழப்பு மொத்தத் தொகுப்புக்கும் நேர்கிறது. பாட்டின் பெயரும் ஆல்பமும் கோப்பில் இருப்பதால் திரும்ப வந்துவிடும். நீங்கள் வருடக்கணக்கில் கேட்டுக் கேட்டுச் சேர்த்த வரலாறு பெரும்பாலும் கேட்டலாக்கில் மட்டுமே இருக்கிறது. ஐடி3 டேக்கிலேயே மதிப்பீட்டுக்கும் கேட்ட எண்ணிக்கைக்கும் ஓர் இடம் உண்டு என்பது உண்மைதான். ஆனால் மதிப்பீடு அங்கே 1 முதல் 255 வரையிலான ஓர் எண்ணாகத்தான் நிற்கும். அதை 5 நட்சத்திரங்களாக எப்படிப் பிரிப்பது என்பதில் மென்பொருள்களுக்குள் ஒற்றுமை இல்லை. அதை மட்டும் நம்பி இருக்க வேண்டாம்.

இனி எங்கள் பராமரிப்பில் இதை எப்படிச் செய்யப்போகிறோம் என்று சொல்கிறோம். டேக்கை ஒதுக்கிவிட்டு, பாட்டின் ஒலிப் பகுதிக்கு மட்டும் ஓர் அடையாள எண் கணக்கிட்டு ஒவ்வொரு பதிவோடும் சேர்த்து வைப்போம். ஒலித் தரம் குறையாமல் சேமிக்கும் ஃபிளாக் வகைக் கோப்புகளில் இது இன்னும் எளிது. மூல ஒலியிலிருந்து கணக்கிட்ட எம்டி5 என்ற அடையாள எண்ணை, கோப்பை உருவாக்கும் மென்பொருளான என்கோடரே பொதுவாகக் கோப்பின் தலைப்பகுதியில் எழுதிவிடுகிறது. டேக் மாறினாலும் ஃபோல்டர் மாறினாலும் அந்த எண் மாறாது. ஆகவே காணாமல் போன ஒரு பதிவும் புதிதாக வந்த ஒரு கோப்பும் ஒரே எண்ணோடு இருந்தால் இரண்டையும் இணைத்து, வரலாற்றைப் பழையபடி ஒட்டிவிடுவோம்.

கோப்பு கண்ணில் படவில்லை என்பதற்காக மட்டும் எந்தப் பதிவையும் அழிக்க மாட்டோம். யுஎஸ்பி கேபிள் கழன்றிருந்தாலும், நெட்வொர்க் டிஸ்க் இன்னும் விழித்துக்கொள்ளாமல் இருந்தாலும், ஸ்கேனருக்கு எல்லாமே போய்விட்டதாகத்தான் தெரியும். 'காணவில்லை' என்று குறித்து வைப்போம். நீங்கள் சொன்ன பிறகே நீக்குவோம்.

தமிழில் கோப்புப் பெயர் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு விஷயம். யூனிகோடில் 'கொ' என்ற எழுத்தை இரண்டு விதமாகச் சேமிக்கலாம்: 'க'வுக்குப் பிறகு 'ொ' என்ற ஒரே குறியாக, அல்லது 'ெ', 'ா' என்று இரண்டு குறிகளாக. மேக் கணினிகளின் பழைய ஹெச்எஃப்எஸ் பிளஸ் டிஸ்க் அமைப்பு பெயர்களை இரண்டாவது விதமாகப் பிரித்தே எழுதும். அங்கிருந்து வேறு கணினிக்கு நகலெடுத்தால் திரையில் ஒரே பெயர், உள்ளே வேறு பைட்கள். ஒரே ஆல்பம் இரண்டு முறை தெரிகிறது என்று வந்த புகார்கள் சிலவற்றில் காரணம் இதுதான். பெயர்களை ஒப்பிடும் முன் ஒரே வடிவத்துக்கு மாற்றிக்கொள்வது இனி எங்கள் வழக்கமாக இருக்கும்.

அட்டைப் படத்தைத் தனிக் கோப்பாக வைத்திருப்பவர்கள் கவனிக்க: படத்தை மாற்றினால் பாட்டுக் கோப்பின் நேரம் மாறாது. பழைய படமே தெரிந்துகொண்டிருந்தால் எங்களிடம் சொல்லுங்கள், சேமித்து வைத்த படத்தை மட்டும் புதுப்பித்துத் தருகிறோம்.

உங்களிடம் கேட்பது இரண்டே. தொகுப்பைப் பெரிய அளவில் மாற்றி அடுக்கப்போகிறீர்கள் என்றால் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லுங்கள், கேட்டலாக்கை முதலில் பேக்கப் எடுத்துவிடுவோம். அடுத்து, ஃபோல்டர் பெயரையும் டேக்கையும் ஒரே நாளில் மாற்றாமல், ஒன்றை முடித்து ஸ்கேன் ஓடிய பிறகு மற்றதைத் தொடுங்கள். அடையாள எண் இன்னும் கணக்கிடப்படாத பாட்டுகளில், டேக்கோ பாதையோ ஏதாவது ஒன்று பழையபடி இருந்தால்தான் பதிவைத் தேடிப் பிடிக்க முடியும்.

அன்புடன்,
பராமரிப்புக் குழு