டியூபோடு வீடு திரும்பும் நோயாளிகளுக்குச் செவிலியர் வழிகாட்டல் கோரி மனு

அனுப்புநர்:
ரப்பர் பால்வெட்டும் தொழிலாளி,
குலசேகரம் பகுதி, திருவட்டாறு வட்டம்.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
கன்னியாகுமரி மாவட்டம், நாகர்கோவில்.

பொருள்: மருத்துவமனையிலிருந்து அனுப்பும் முன் வீட்டுப் பராமரிப்பைச் செவிலியர் செய்துகாட்ட ஏற்பாடு செய்யக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். என் அம்மாவுக்கு 74 வயது. கிணற்றடியில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து, ஒரு மருத்துவமனையில் ஆபரேஷன் நடந்தது. ஆபரேஷன் நன்றாகவே நடந்தது, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. மூத்திர டியூபோடு வீட்டுக்கு அனுப்பினார்கள். கிளம்புகிற அவசரத்தில் ஒரு சிஸ்டர், "பை தரையில் படக்கூடாது" என்று மட்டும் சொன்னார். டிஸ்சார்ஜ் காகிதம் முழுவதும் ஆங்கிலம்.

தரையில் படக்கூடாது என்றால் நாங்கள் என்ன செய்வோம்? ஜன்னல் கம்பியில் கட்டித் தொங்கவிட்டோம். கட்டிலுக்கு ஒரு முழம் மேலே. பை மேலே இருந்தால் மூத்திரம் திரும்ப உள்ளே இறங்கும், கிருமியும் கூடவே போகும் என்பது எங்களுக்குத் தெரியாது. ஐந்தாம் நாள் நான் பால் வெட்டிவிட்டு வரும்போது அம்மாவுக்கு உடம்பு தூக்கிப்போடுகிற குளிர்காய்ச்சல். இறந்துபோன அப்பாவைக் கூப்பிட்டுப் பேசிக்கொண்டிருந்தார். மூத்திரத் தொற்று என்று மறுபடி ஒன்பது நாள் மருத்துவமனையில் படுக்கவைத்தோம். ஒன்பது நாள் வெட்டுக்கூலியும் போயிற்று.

இரண்டாம் முறை கிளம்பும்போது இன்னொரு சிஸ்டர் என் மனைவியைப் பக்கத்தில் நிறுத்தி எல்லாம் செய்து காட்டினார். பையைக் கட்டிலின் கீழ்ச்சட்டத்தில் மாட்ட வேண்டும், இடுப்புக்குக் கீழே, தரைக்கு மேலே. டியூப் இழுபடாமல் தொடையில் பிளாஸ்டர் போட வேண்டும். தொடும் முன்னும் பின்னும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். பை முழுதும் நிறையும் முன்பே திறந்து காலி செய்ய வேண்டும், அப்போது குழாய் முனை பாத்திரத்தில் முட்டக்கூடாது. பையில் மூத்திரமே இறங்காமல் அடிவயிறு உப்பினாலோ, ரத்தம் வந்தாலோ, குளிர்காய்ச்சல் கண்டாலோ உடனே வர வேண்டும். அப்புறம், இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைத்தால் படுக்கைப்புண் வராமல் தடுக்க உதவும் என்றும் சொன்னார். எல்லாம் சேர்த்துப் பத்து நிமிடம் ஆகியிருக்கும்.

அந்தப் பத்து நிமிடத்தைத்தான் தங்களிடம் கேட்கிறேன். டியூபோடோ தையலோடோ யார் வீட்டுக்குப் போனாலும், பார்த்துக்கொள்ளப் போகிறவருக்குச் செவிலியர் செய்துகாட்டி, அவரையும் ஒருமுறை செய்யச்சொல்லிப் பார்த்த பிறகே அனுப்ப வேண்டும். மூக்கு டியூபில் கஞ்சி கொடுப்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம். தலையை உயர்த்தாமல் ஊற்றினால் நுரையீரலுக்குள் போய்விடக்கூடும். டியூப் மாற்ற வேண்டிய தேதியோடு தமிழில் ஒரு தாள் தந்தால் நல்லது.

2021 முதல் 'மக்களைத் தேடி மருத்துவம்' ஊழியர்கள் எங்கள் பக்கம் வருகிறார்கள். அம்மாவுக்குப் பிரஷர் மாத்திரை தருவதும் அவர்கள்தான். ஆனால் டியூபோடு வந்திருப்பதை அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. நோயாளி வீடு திரும்பும் அன்றே அந்தப் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத் தகவல் போனால், முதல் வாரத்திலேயே ஒருவர் வந்து பார்க்கலாம்.

சிஸ்டர்கள்மேல் எனக்குக் கோபமில்லை. ஒரு வார்டையே ஒருவர் ஓடி ஓடிப் பார்ப்பதைக் கண்டேன். எங்கள் தெருவில் மட்டும் மூன்று வீட்டுப் பெண்கள் வெளிநாட்டில் நர்ஸாக இருக்கிறார்கள். இங்கே வார்டில் ஆள் போதவில்லை. காலியிடம் இருந்தால் நிரப்பவும், இந்த ஏற்பாட்டை மாவட்ட மருத்துவமனைகளில் நடைமுறைப்படுத்தவும் சம்பந்தப்பட்ட அதிகாரிகளுக்கு உத்தரவிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(ஒப்பம்)